லேபர் என்றால் யார்

"கூலி கேக்குறதுக்கும் ஒரு அளவு வேணாமாடா? தொண்ணூறு டாலர்! நீ என்ன மெஷினை ரிப்பேர் பண்ணியா, இல்ல வயித்துல சுமந்து பெத்துப் போட்டியா?"

லித்தியானாவின் குரல் செம்பருத்தி வேலியைத் தாண்டித் தெருமுனை ரொட்டிக்கடை வரைக்கும் போனது. ரொட்டிக்கடைக்காரி மாவு பிசைந்த கையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். எதிர்வீட்டில் கொடித்துணி எடுக்க வந்தவள் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தீவின் தவகுபு பேட்டையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இப்படி ஒரு சண்டை கிடைப்பது அபூர்வம். சம்பள நாளில் எல்லாருமே கொஞ்சம் நல்லவர்களாக இருப்பார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் குழாயடியில் ஷல்வின் நின்றான். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தான். முழங்கை வரைக்கும் சோப்பு போட்டிருந்தான், நுரை கறுப்பாக வழிந்தது. "ஆன்ட்டி, நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்று மறுபடியும் ஆரம்பித்தான்.

"என்னத்தடா சொல்லப்போற? உங்கம்மா செத்தப்ப எங்க வீட்டுப் பாயிலதான் ஊரே உக்காந்து அழுதுச்சு. இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டு மரவள்ளி, எங்க வீட்டு மீனு. ஒரு நாளாவது தட்டுக்கு இவ்வளவுன்னு பில்லு போட்டு உன் மூஞ்சியில நீட்டியிருப்பேனா?"

"பேரே போட்டிருக்கு பாரு! லேபர்னு பேரே போட்டிருக்கு!" என்று வாசல் நாற்காலியிலிருந்து அபெனிசா எடுத்துக் கொடுத்தான். லித்தியானாவின் புருஷன். சர்க்கரை வியாதியில் போன வருஷம் இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன்தான் ஊரெல்லாம் சுற்றினான். இப்போது மெஷின் பெண்டாட்டி தோளுக்குப் போய்விட்டது. வாய் மட்டும் அவனிடம் தங்கிவிட்டது.

லித்தியானா ரவிக்கைக்குள்ளிருந்து பில்லை எடுத்து வேலிக்கு மேலே பிடித்தாள். பிளக்கும் சின்னச் சாமான்களும் பதினெட்டு டாலர். அதில் அவளுக்குச் சண்டை இல்லை. அதற்குக் கீழே, கடையில் பில் எழுதுகிற ப்ரனீத்தாவின் முத்து முத்தான கையெழுத்தில் 'லேபர், இரண்டு மணி, தொண்ணூறு' என்று இருந்தது.

அந்தத் தெருவில் லேபர் என்றால் ஆள். கரும்பு வெட்ட நாலு லேபர் வந்திருக்கு என்பார்கள். கூரை போட ஒரு லேபர் கிடைப்பானா என்பார்கள். மெஷின் ரிப்பேர் பண்ணுகிற போர்மேன் கடையில் இருக்கிற லேபர் ஒரே ஆள்தான், அது ஷல்வின். ஆகவே தொண்ணூறு டாலர் யாருக்குப் போகிறது என்பதில் லித்தியானாவுக்குச் சந்தேகமே வரவில்லை. மூணு தெருவும் அப்படித்தான் நம்பியது. ரொட்டிக்கடைக்காரி, "அதான் பையன் புதுச் செருப்பு போட்டிருக்கான்" என்றுகூடச் சொன்னாள்.

"ஆன்ட்டி, எனக்கு மணிக்கு அஞ்சு டாலர்," என்றான் ஷல்வின்.

"என்னது?"

"அஞ்சு டாலர். ரெண்டு மணின்னா பத்து. லேபர்னு போட்டிருக்கே, அது நான் இல்ல. அது போர்மேன்."

லித்தியானா பில்லைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "போர்மேன் மெஷினைத் தொட்டாரா?"

"பேனாவைத் தொட்டாரு."

எதிர்வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். லித்தியானா சிரிக்கவில்லை. கத்துவதற்கு என்று மூச்சை இழுத்து வைத்திருந்தாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வேலியோரம் உட்கார்ந்தாள். அவள் பெரிய உடம்புக்காரி. உட்கார்ந்ததும் செம்பருத்திக்கு மேலே கொண்டை மட்டும் தெரிந்தது.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குதுடா," என்றாள், இந்த முறை மெதுவாக. "மழையில புல்லு முழங்கால் அளவு நிக்குது. அதுக்குள்ள வெட்டலேன்னா, உக்காந்து ஓட்டுற வண்டி மெஷின் வெச்சிருக்கிறவனுக்குக் குடுத்துடுவேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. அந்தப் பள்ளிக்கூடம்தான் எங்களுக்குச் சோறு. காசு கட்டினாத்தான் கடையில மெஷினைத் தருவாங்க. தொண்ணூறுக்கு நான் எங்க போவேன்?"

ஷல்வின் கையைக் கழுவினான். "போர்மேன்கிட்ட தவணை கேளுங்க ஆன்ட்டி, ஆனா ஒண்ணு. நான் சொன்னேன்னு இந்த லேபர் கணக்கைக் கடையில போய்க் கேட்டுடாதீங்க."

"சத்தியமாக் கேக்க மாட்டேன்," என்றாள் லித்தியானா. அந்தத் தெருவில் அவளிடம் ரகசியம் சொல்வதும் பஸ் ஸ்டாண்டில் மைக் கட்டுவதும் ஒன்றுதான். ஆனால் சத்தியம் பண்ணும்போது அவள் உண்மையாகத்தான் பண்ணுவாள். அதிலே குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தவளை அபெனிசா நிம்மதியாக உட்கார விடவில்லை. "ஊர் கேக்கத் திட்டிட்ட. சும்மா 'ஸாரி'ன்னு விட முடியுமா? முறையா, வேர் வெச்சுக் கேக்கணும்," என்றான். கட்டிலுக்கு அடியில் தங்கச்சி மகன் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த யங்கோனா வேர்க்கட்டை எடுத்தான். ஊன்றுகோலை ஒரு கக்கத்திலும் வேர்க்கட்டை மறு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி நொண்டிக்கொண்டு போனான். பின்னால் லித்தியானா தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

ஷல்வின் துண்டு கட்டிக்கொண்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். அபெனிசா வாசலில் தரையில் உட்கார்ந்து, வேர்க்கட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, தன் குலம், தன் தீவு, தன் பாட்டன்மார் என்று எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டு, "எங்க வீட்டுப் பொம்பளையோட நாக்கு வழி தவறிப் போயிடுச்சு, மண்ணுல புதைச்சிடணும்" என்று மன்னிப்புக் கேட்டான். அடுப்பில் ரொட்டி கருகியது. இந்த மாதிரி நேரத்தில் என்ன பேசவேண்டும் என்று ஷல்வினுக்குத் தெரியாது. துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வேரைத் தொட்டான். "சரி மாமா, சரி மாமா" என்றான்.

வேரைத் தொட்டுவிட்டால் இடிக்கவேண்டும். இடித்துவிட்டால் கரைத்துக் குடிக்கவேண்டும். உலக்கைச் சத்தம் கேட்டால் அந்தத் தெருவில் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, ஆளுக்கொரு பாயோடு வந்துவிட்டார்கள். கொட்டாங்கச்சி சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கை தட்டினார்கள். நாலாவது கொட்டாங்கச்சியில் ஷல்வினுக்கு உதடு மரத்தது, நாக்கு இளகியது.

"மெஷினுக்கு ஒண்ணுமே இல்ல மாமா. கார்ப்பரேட்டர்ல அழுக்கு. கழட்டித் தொடைச்சு, பிளக்கு மாத்தி மாட்டினேன். ப்ரனீத்தா டீ கொண்டாந்து வெச்சா. டீ ஆறல, மெஷின் ஓடிடுச்சு. அரை மணிகூட இல்ல. போர்மேன் வந்து பாத்துட்டு, 'ரெண்டு மணின்னு போடு'ன்னு அவகிட்ட சொல்லிட்டுப் போயிட்டாரு."

"மாப்ள, உன் பேருலயே கவுண்டர் இருக்கு," என்றான் அபெனிசா. "ஆனா கவுண்டருக்கு அந்தப் பக்கம் மட்டும் உன்ன விடமாட்டேங்கிறாங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். ஷல்வின் கவுண்டரும் சிரித்தான். அந்தப் பேர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவனுக்கும் தெரியாது, அவன் அப்பனுக்கும் தெரிந்ததில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ப்ரனீத்தா உட்கார்ந்திருக்கிறாள் என்பதும், அவள் போர்மேனின் பெண்டாட்டிக்கு அண்ணன் மகள் என்பதும், ஷல்வினுக்கு வருகிற டீயில் மட்டும் ஏலக்காய் இருக்கிறது என்பதும்தான் தெருவுக்குத் தெரிந்த விஷயம்.

மறுநாள் காலையில் லித்தியானா பஸ்ஸில் போகும்போது ஒன்றையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். 'தவணை குடுங்க பாய்யா, மெஷினைக் குடுங்க.' அவ்வளவுதான். லேபரைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் கோழிக் கூடையோடு உட்கார்ந்திருந்தவளிடம்கூட எதையும் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்மேன் என்பது சுரேந்திர லாலுக்கு ஊர் வைத்த பேர். சர்க்கரை மில் பட்டறையில் போர்மேனாக இருந்து, மொத்தமாக வந்த பணத்தில் இந்தக் கடையைப் போட்டார். மில்லில் வேலைநிறுத்தம் நடந்தபோது லாரி மேல் ஏறி நின்று, 'உழைச்சவன் கூலியை உக்காந்தவன் திங்காதே' என்று மைக் இல்லாமல் பேசியவர். அந்தப் பேச்சை இன்னமும் சொல்லிக்காட்டுகிற கிழவர்கள் உண்டு. அவரும் ஆள் மோசமில்லை. யார் வந்தாலும் எழுந்து நின்று கை கொடுப்பார். பெண்களை சிஸ்டர் என்பார், அவர்களும் அண்ணன் முறையில் பாய்யா என்பார்கள். காசு விஷயத்தில்கூடக் குரலை உயர்த்திப் பேசியதாக யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை அரைநாள்தான் கடை. கூட்டம் இருந்தது. கரும்புக்காரர் ஒருவர் மரமறுக்கும் மெஷினோடு நின்றார். கோயில் தோட்டத்துக்காரன் ஒருவன், ஓட்டல்காரர் ஒருவர், இன்னும் இரண்டு பேர். பின்பக்கத்தில் ஷல்வின் ஒரு வண்டி மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். வெளியே அவனுடைய புதுச் செருப்பு மட்டும் தெரிந்தது. லித்தியானாவின் மெஷின் சுவரில் சாய்ந்து நின்றது. தோள் வாரை யாரோ துடைத்து மடித்து வைத்திருந்தார்கள்.

"வாங்க சிஸ்டர், வாங்க. அபெனிசா கால் எப்படி?" என்று எழுந்தார் போர்மேன்.

"ஆறிக்கிட்டு வருது பாய்யா. மெஷினு... கொஞ்சம் தவணை குடுத்தீங்கன்னா..."

"தாராளமா. மனுஷனுக்கு மனுஷன் பாக்காம எப்படி?" என்று பில் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். "சாமான் காசு ஒண்ணும் பெருசில்ல. லேபர்தான். என்ன பண்றது சிஸ்டர், இந்தக் காலத்துல லேபர் என்ன விலை விக்குது! உங்க மெஷினோட பையன் ரெண்டு மணி நேரம் மாரடிச்சிருக்கான். உழைச்சவனுக்குக் குடுக்கணும்ல?"

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். பஸ்ஸில் மனப்பாடம் பண்ணியதெல்லாம் லித்தியானாவின் தலையிலிருந்து வடிந்து போய்விட்டது.

"லேபர்னா என்ன பாய்யா?" என்றாள்.

"லேபர்னா... வேலை. வேலைக்கான கூலி."

"யாரோட வேலை?"

போர்மேன் சிரித்தார். கரும்புக்காரரைப் பார்த்து, 'பாருங்க' என்பதுபோலத் தலையை ஆட்டினார். "சிஸ்டர், கடைக்கு வாடகை இருக்கு. கரண்டு இருக்கு. வரி இருக்கு. சாவி, ஸ்பேனர், எல்லாம் காசு. புயல் அடிச்சா கூரை போகுது, அதுக்கு இன்ஷூரன்ஸ். எல்லாம் சேர்ந்ததுதான் லேபர்."

"அப்ப லேபர்ல லேபர் எங்க?"

ஓட்டல்காரர் செல்போனை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ப்ரனீத்தா பேனாவின் மூடியைப் போட்டுப் போட்டுக் கழற்றினாள்.

"அரை மணி வேலைக்கு ரெண்டு மணின்னு போடுறீங்க. அதுல பையனுக்குப் பத்து டாலர்கூடப் போகாது. மிச்சமெல்லாம் கூரைக்கும் கரண்டுக்குமா? அப்படின்னா கூரைன்னு போடுங்க, கரண்டுன்னு போடுங்க. அவன் பேர ஏன் போடுறீங்க? அவன் பேரப் பாத்து நான் அவனை ஊர் கேக்கத் திட்டிட்டேன் பாய்யா!"

பின்பக்கத்தில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

அதுவரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. லித்தியானாவின் கண் செருப்புக்குப் போனது. செருப்பு அசையவில்லை.

"அரை மணின்னு யார் சொன்னது சிஸ்டர்?" என்றார் போர்மேன். குரல் முன்பைவிட மெதுவாக இருந்தது.

"யாரும் சொல்லல. நானே பாத்தேன். வாசல்ல நின்னுக்கிட்டு."

"எப்போ?"

"மெஷின் குடுத்த அன்னிக்கு. செவ்வாக்கிழமை."

"செவ்வாக்கிழமை மெஷினை வாசல்லயே வெச்சுட்டு ஓடினீங்களே. அபெனிசாவுக்குக் கட்டு மாத்தணும், ஆஸ்பத்திரியில டோக்கன் போயிடும்னு. நான்தானே டாக்ஸி நிறுத்தி ஏத்திவிட்டேன்?"

அது உண்மை. டாக்ஸி காசும் அவர்தான் கொடுத்தார். லித்தியானாவுக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. பொய் சொல்லத் தெரியாதவள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நல்லது பண்ணியவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

போர்மேன் அவளை அதற்கு மேல் நெருக்கவில்லை. "ப்ரனீத்தா, அதை அடிச்சிடும்மா. ஒரு மணின்னு போடு. நாப்பத்தஞ்சு," என்றார். கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பி, "நம்ம சிஸ்டர். அவங்க கேட்டு நான் இல்லேன்னு சொல்லுவேனா?" என்றார். கரும்புக்காரர் "பெரிய மனசு" என்றார். தன் பில்லிலும் ஏதாவது குறையுமா என்று கொஞ்சம் கழித்துக் கேட்டார். அது வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டார் போர்மேன்.

லித்தியானாவிடம் இருந்தது சாமான் காசுக்குத்தான் சரியாக வந்தது. நாப்பத்தஞ்சுக்கும் வழியில்லை.

"அது கெடக்கு," என்றார் போர்மேன். "என் வீட்டுல புல்லு மண்டிக் கெடக்கு. வந்து வெட்டிக் குடுங்க. கழிச்சுக்கலாம்."

"எத்தனை தடவை பாய்யா?"

"பாத்துக்கலாம் சிஸ்டர். நமக்குள்ள என்ன கணக்கு?"

ஷல்வின் எழுந்து வந்து மெஷினை வெளியே தூக்கிவந்தான். ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பது அவன் வழக்கம். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தான். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டு கணீரென்று ஓடியது. வாரை அவள் தோளில் மாட்டி, உயரத்துக்குத் தகுந்தபடி கொக்கியை ஒரு ஓட்டை இறக்கினான். அவ்வளவு நேரமும் அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"டேய், வாய் தவறிடுச்சுடா," என்றாள், மெஷின் சத்தத்துக்குள்.

"சத்தத்துல கேக்கல ஆன்ட்டி," என்று உள்ளே போனான்.

ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள். மெஷினைத் தொட்டால் பாதிரியார் மட்டுமில்லை, ரொட்டிக்கடைக்காரியே கேள்வி கேட்பாள். ஆகவே சனிக்கிழமை மதியத்திலேயே லித்தியானா பள்ளிக்கூடத்தில் இறங்கினாள். ஈரப்புல் சுற்றிச் சுற்றி மெஷினின் கழுத்தை இறுக்கியது. நிறுத்தி, கையால் பிய்த்துப்போட்டு, மறுபடி வெட்டினாள். கல் தெறித்து முழங்காலில் ரத்தம் வந்தது. மழை ஒரு தடவை வந்து போனது. அந்த மெஷின் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கடைசி வட்டத்தை வெட்டி முடித்துவிட்டு, அவள் ஈரத்திலேயே மல்லாந்து படுத்துக்கொண்டாள். வாட்ச்மேன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

பள்ளிக்கூடம் கைவிட்டுப் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டிப் பாராட்டினார். அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒரு மீன் டின் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் ஷல்வின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். வேலைக்குப் போகிற சட்டையோடு.

"ஏன்டா, கடை லீவா?"

"எனக்கு லீவு," என்றான். "போர்மேன் கோவமெல்லாம் படல ஆன்ட்டி. உக்கார வெச்சு டீ குடுத்துத்தான் சொன்னாரு. 'உன் வேலை அரை மணியில முடிஞ்சிடுதாம். ஊரே சொல்லுது. அப்புறம் நாள் முழுக்க உனக்கு எதுக்கு நான் கூலி குடுக்கணும்? மெஷின் வந்தா போன் பண்றேன். வா, அரை மணி செய், அரை மணிக்குக் காசு வாங்கிக்க.' அவ்வளவுதான்."

"போன் வந்துச்சா?"

ஷல்வின் செல்போனைத் திருப்பி அவளிடம் காட்டினான். அதில் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு லித்தியானா மீன் டின்னைத் திறக்கவில்லை. அபெனிசா மறுபடியும் முறை பேசினான். தப்பு பண்ணினால் வேரைக் கொண்டுபோய் வைக்கவேண்டும், வைத்தால் எப்பேர்ப்பட்டவனும் இளகித்தான் ஆகவேண்டும், அவன் பாட்டன் காலத்திலிருந்து இளகாதவன் கிடையாது. வீட்டில் இருந்த வேரைத்தான் குடித்தாகிவிட்டதே. லித்தியானா மார்க்கெட்டில் கடன் சொல்லி ஒரு கட்டு வாங்கினாள். அதை ரிப்பன் போட்டுக் கட்டிக்கொண்டு, அபெனிசாவும் அவளும் டவுன் பஸ் ஏறினார்கள்.

கடைச் சிமெண்டுத் தரையில், விற்பனைக்கு நிறுத்தியிருந்த புது மெஷின்களுக்கு நடுவில் அபெனிசா ஊன்றுகோலை வைத்துவிட்டு உட்கார்ந்தான். குலத்தைக் கூப்பிட்டான், தீவைக் கூப்பிட்டான். போர்மேனும் நாற்காலியை விட்டுக் கீழே இறங்கி எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மில்லில் எத்தனையோ வருஷம் அபெனிசாவின் சனங்களோடு குடித்துப் பழகியவர், முறை அவருக்கு அத்துப்படி. வேரைத் தொட்டு, சரியான இடத்தில் சரியான எண்ணிக்கையில் கை தட்டி, "மனசுல ஒண்ணும் இல்ல. புதைச்சாச்சு," என்றார். அபெனிசாவுக்குக் கண் கலங்கியது.

"அப்ப பையனைத் திரும்பக் கூப்பிட்டுக்குவீங்களா பாய்யா?" என்றாள் லித்தியானா. "தொண்ணூறையும் குடுத்துடுறேன். கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துடுறேன். ரெண்டு மணின்னே போட்டுக்குங்க. அவன் ரெண்டு மணிதான் செஞ்சான்."

போர்மேன் அவளை இரக்கமாகத்தான் பார்த்தார். "சிஸ்டர், அதை அடிச்சாச்சே. நீங்கதானே அரை மணின்னு சொன்னீங்க? இத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. நான் உங்க பேச்சைத்தானே கேட்டேன்? இப்ப வந்து ரெண்டு மணிங்கிறீங்க. நான் எதைத்தான் நம்புறது?"

லித்தியானா ப்ரனீத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். ப்ரனீத்தா தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள். பேனா மூடியைக் கழற்றவே இல்லை என்று பிறகு லித்தியானா சொன்னாள். அந்த வேரை அன்றைக்குச் சாயங்காலமே இடித்து, கடைக்கு வந்தவர்களுக்குக் கரைத்துக் கொடுத்ததாகக் கேள்வி. நல்ல வேர், நல்ல மயக்கம் என்று கரும்புக்காரர் சொன்னாராம்.

ஷல்வினுக்கு போன் இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை இரண்டரை டாலர் கிடைத்தது. இன்னொரு தடவை பஸ் காசுக்கும் கூலிக்கும் சரியாகப் போய்விட்டது. பிறகு போர்மேனுடைய தம்பி மகன் ராக்கிராக்கி ஊரிலிருந்து வந்து வேலை பழகிக்கொள்ள ஆரம்பித்தான். சொந்தக்காரனுக்கு மணிக்கு எவ்வளவு என்று யார் கேட்பது? ஷல்வின் கொஞ்ச நாள் டயர் கடையில் நின்றான், கொஞ்ச நாள் சும்மா நின்றான். லித்தியானா தினமும் வேலிக்கு மேலே தட்டை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். ஆனால் முன்னே மாதிரி இன்னும் ரெண்டு துண்டு போடுங்க ஆன்ட்டி என்று கேட்பதில்லை.

கரும்பு வெட்டு தொடங்குகிற சமயத்தில் அவன் ஆஸ்திரேலியாவுக்கு ஆள் எடுக்கிறவர்களிடம் பேர் கொடுத்து, இறைச்சி வெட்டுகிற ஃபாக்டரி ஒன்றுக்குப் போய்விட்டான். அந்த ஊர்ப் பேரைத் தெருவில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். அபெனிசாவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் அனுப்பினான். பழைய ஞாபகத்தில் இரண்டும் அனுப்பிவிட்டான் பாவம். வலது பூட்ஸை அபெனிசா சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகிறான். இடது பூட்ஸில் மண்ணை நிரப்பி லித்தியானா மிளகாய்ச் செடி வைத்திருக்கிறாள். போனில் பேசும்போது, "அங்கயும் மெஷின்தான் ரிப்பேர் பண்றியா?" என்று அபெனிசா கேட்டதற்கு, "இல்ல மாமா, இங்கயும் என் பேரு லேபர்தான்," என்றானாம்.

ப்ரனீத்தாவுக்கு வருஷக் கடைசியில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஆக்லாந்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார், வயது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கல்யாணம் போர்மேன் வீட்டிலேயே. முந்தின நாள் காலையில் லித்தியானாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் இதற்குள் அந்த வீட்டுப் புல்லை எத்தனை தடவை வெட்டினாள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. நாப்பத்தஞ்சு எப்போதோ தீர்ந்திருக்கும் என்று அபெனிசா சொல்வான். ஆனால் நடுவில் மெஷின் இரண்டு தடவை நின்றுபோனது. தம்பி மகன் கழற்றினான், மாட்டினான், லேபர் போட்டான். கழிச்சுக்கலாம் என்றார் போர்மேன்.

கல்யாணப் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தலைச் சுற்றி வெட்டவேண்டும் என்று லித்தியானா மெஷினை மாட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தாள். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தாள். மறுபடியும். தோள் இறங்குகிற வரைக்கும் இழுத்தாள். தம்பி மகன் வந்து அவனும் இழுத்துப் பார்த்துவிட்டு, "கார்ப்பரேட்டர்" என்று சொல்லி மெஷினைக் கடை வேனில் ஏற்றிக்கொண்டு போனான்.

"கவலைப்படாதீங்க சிஸ்டர், கழிச்சுக்கலாம்," என்றார் போர்மேன். கொட்டகைக்குள் போய், அவர் அப்பா காலத்துக் கரும்பு வெட்டும் கத்தி ஒன்றைத் தேடி எடுத்து, துருவைத் துணியால் துடைத்து அவள் கையில் கொடுத்தார். அவள் பாவாடையைச் செருகிக்கொண்டு பந்தல் கம்புகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தாள். மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பிரியாணி அண்டா வந்தது. ஜன்னலில் மருதாணிக் கையை உலர்த்திக்கொண்டிருந்த ப்ரனீத்தா அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வராந்தாவில் போர்மேன் பக்கத்தில் ஆக்லாந்து மாப்பிள்ளை உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கடும் வெயிலில் தனியாகக் கத்தியோடு உட்கார்ந்திருக்கிற அந்த அம்மா யார் என்று கேட்டார்.

"அதுவா?" என்றார் போர்மேன், டீயை ஊதிக்கொண்டே. "நம்ம லேபர்."